புதிய கிரில் பற்ற வைக்கும். பழைய கிரில் பூட்டி வைக்கும்

மலேசியத் தமிழர் பேச்சில் ‘கிரில்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, இறைச்சி வாட்டும் அடுப்பு. மற்றொன்று, திருடனுக்குப் பயந்து சன்னலிலும் வாசலிலும் பொருத்தி, இரவானால் பூட்டுப் போடுகிற இரும்புக் கம்பி. வீட்டுத் தீயைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. முதல் கிரில் தீயைத் தொடங்கி வைக்கலாம். அந்தத் தீயில் எத்தனை பேர் தப்புகிறார்கள் என்பதை இரண்டாவது கிரில்தான் பல வேளைகளில் முடிவு செய்கிறது.

‘பெல்லட் கிரில்’ என்ற அமெரிக்க அடுப்பு இப்போது இணைய விற்பனைத் தளங்கள் வழியாக இங்கேயும் கிடைக்கிறது. கரி ஊத வேண்டாம், விசிற வேண்டாம், பக்கத்தில் நிற்க வேண்டாம், இரவு வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் ஆட்டுத் தொடை பஞ்சாக வெந்திருக்கும் என்பதே அதன் விளம்பரம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கும், வீட்டிலிருந்தே உணவு சமைத்து விற்கும் தொழிலுக்கும் இப்படி ஓர் அடுப்பு உதவியாக இருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை.

ஆனால் இந்த அடுப்பு, வீட்டுக்குப் பின்னால் பரந்த புல்வெளி வைத்திருக்கும் அமெரிக்கக் குடும்பத்துக்காக உருவாக்கப்பட்டது. ஜார்ஜ்டவுன் கடைவீட்டுக்கோ, ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்கோ, செபராங் பிறை தோட்டத்து லயத்துக்கோ அதைக் கொண்டுவரும்போது ஆபத்தின் கணக்கே மாறிவிடுகிறது.

இந்த அடுப்பு எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜோ டிரேகர் 1980களில் இந்த அடுப்பை உருவாக்கினார். 1986இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமை 2006இல் முடிந்ததும் பல நிறுவனங்கள் இதே அமைப்பில் அடுப்பு செய்து விற்கத் தொடங்கின. இன்று சந்தையில் உள்ள பெல்லட் கிரில்கள் பெரும்பாலும் அந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தாம்.

‘பெல்லட்’ என்பது மரத்தூளை அழுத்தி உருட்டிய சிறு துண்டு. பார்ப்பதற்குக் கோழித் தீவனம் போல இருக்கும். அடுப்பின் பக்கவாட்டில் உள்ள தொட்டியில் அதைக் கொட்ட வேண்டும. தொட்டிக்கு அடியில் திருகாணி போன்ற ஒரு தண்டு சுழன்று, துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓர் இரும்புக் குவளைக்குள் தள்ளும். குவளையில் உள்ள மின்கம்பி சூடாகிப் பற்ற வைக்கும். ஒரு சிறு விசிறி காற்று ஊதும். உள்ளே சூடு குறைந்தால் அதிகத் துண்டுகளையும், கூடினால் குறைந்த துண்டுகளையும் தள்ளும்படி ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

ஆக, இது மின்சாரத்தில் ஓடுகிற விறகடுப்பு. விறகு தள்ளும் கையும் ஊதும் வாயும் இயந்திரமாகிவிட்டன. மீதமிருப்பது பார்க்கிற கண். அதற்குப் பதிலாக இருப்பது ஒரு வெப்பமானிக் கம்பி மட்டும். அந்தக் கம்பிக்குச் சூடு தெரியும். புகையின் நிறமும் கொழுப்பு வழிவதும் அதற்குத் தெரியாது.

கோளாறு எங்கே வருகிறது?

இந்த அடுப்பில் தீ விபத்து பெரும்பாலும் மூன்று வழிகளில் நேர்கிறது.

முதலாவது, தீ அணைந்த பிறகு வரும் தீ. காற்றாலோ, சாம்பல் அடைத்துக்கொண்டதாலோ குவளையில் நெருப்பு அணைந்துவிடுகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அது தெரியாது. ‘சூடு குறைகிறது, இன்னும் விறகு வேண்டும்’ என்று கணக்குப் போட்டுத் துண்டுகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குவளை நிரம்பி வழியும். பிறகு யாராவது வந்து மறுபடியும் பொத்தானை அழுத்தினால், குவளை நிறைய உள்ள துண்டுகள் புகையத் தொடங்கும். அடர்ந்த வெள்ளைப் புகை வருவது அதன் அடையாளம். அந்தப் புகையே எரியக்கூடியது. மூடிக்குள் தேங்கியிருக்கும்போது அது பற்றினால் மூடியே தூக்கி அடிக்கும்.

இரண்டாவது, பின்வாங்கும் தீ. குவளையில் எரிய வேண்டிய நெருப்பு, திருகாணித் தண்டு வழியாகத் தொட்டியை நோக்கி மெல்ல ஊர்ந்து வரும். சமையல் முடிந்ததும் முறைப்படி அணைக்காமல் சுவிட்சைப் பிடுங்கிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். முறைப்படி அணைத்தால் விசிறி இன்னும் சில நிமிடம் ஓடி, குவளையில் மிச்சமிருப்பதை எரித்து முடிக்கும். சட்டென்று மின்சாரம் போனால் நெருப்பு அங்கேயே கனன்றுகொண்டிருக்கும். பக்கத்துத் தொட்டியிலோ கிலோக்கணக்கில் விறகுத் துண்டுகள் காத்திருக்கும்.

மூன்றாவது, கொழுப்புத் தீ. இது எல்லா வகை வாட்டும் அடுப்புக்கும் பொது. இரவு முழுவதும் மெல்லிய சூட்டில் கொழுப்புள்ள இறைச்சியை வேக வைத்தால், உருகிய கொழுப்பு அடித்தட்டில் தேங்கி நிற்கும். மறுநாள் அதைச் சுத்தம் செய்யாமல் கோழியை மொறுமொறுப்பாக்கச் சூட்டைக் கூட்டினால், முந்தைய நாளின் கொழுப்பு எரியத் தொடங்கும். புகையைக் கண்டு பயந்து மூடியைத் திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து தீ பெரிதாகும்.

இந்த மூன்றிலும் உற்பத்தியில் நேர்ந்த பிழையைவிட, அடுப்பை விட்டு ஆள் நகர்ந்ததும் சுத்தம் செய்யாமல் விட்டதும்தான் அதிகம். அமெரிக்கத் தேசியத் தீத் தடுப்புச் சங்கத்தின் கணக்குப்படி, 2014 முதல் 2018 வரையில் அந்நாட்டு வீடுகளில் வாட்டும் அடுப்புகள் தொடர்பான தீ ஆண்டுக்குச் சராசரியாக 10,600 முறை ஏற்பட்டிருக்கிறது. எரிவாயு, கரி உட்பட எல்லா வகையும் சேர்ந்த எண்ணிக்கை இது. அடுப்பைச் சுத்தம் செய்யாதது, எரியக்கூடிய பொருளுக்கு மிக அருகில் வைத்தது, கவனிக்க ஆளில்லாமல் விட்டது ஆகியவை அங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்படும் முக்கியக் காரணங்கள். ஆளில்லாமல் சமைப்பதையே சிறப்பாகச் சொல்லி விற்கப்படும் ஓர் அடுப்பை வாங்கும்போது, இதை ஒருமுறை மனத்தில் நிறுத்துவது நல்லது.

பினாங்கின் ஈரமும் நம் மின்சாரமும்

விறகுத் துண்டு ஈரத்தை உறிஞ்சும். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் அதிகம். திறந்த பையில் ஒரு மாதம் வைத்தால் துண்டுகள் ஊதி, தொட்டாலே தூளாகும். அந்தத் தூள் தொட்டிக்குள் போனால் திருகாணித் தண்டு இறுகிக்கொள்ளும். தண்டு நின்றால் தீ அணையும். அணைந்த பிறகு மறுபடி பற்ற வைப்பதன் ஆபத்தை மேலே பார்த்தோம். வறண்ட நாட்டில் அரிதாக வரும் கோளாறு, கடற்கரை ஊரில் அடிக்கடி வரக்கூடியது.

அடுத்தது இடி மின்னல். மாலை மழையில் ‘டிரிப்’ ஆகாத வீடு நம் ஊரில் குறைவு. விளக்கு அணைந்தால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்கிறோம். ஆனால் வெளியே ஒரு பெல்லட் கிரில் ஓடிக்கொண்டிருந்தால், அந்த நொடியில் அதன் விசிறி நின்றுவிட்டது, நெருப்பு நிற்கவில்லை என்று பொருள். இரவில் எல்லாரும் தூங்கும்போது இது நடந்தால் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, மின் அழுத்தம். அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மலேசியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து நேராக வரவழைத்த அடுப்பை ஒரு மாற்று முளையை மட்டும் பொருத்தி இங்கே செருகினால், பற்ற வைக்கும் மின்கம்பியில் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆற்றல் பாயும். மின்மாற்றி வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. அதனால் சில வகை மோட்டார்கள் மெதுவாகச் சுழலும். விசிறி ஊதும் காற்று குறையும். வாங்கும் முன் அடுப்பின் பின்பக்கத் தகட்டில் 230 அல்லது 240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா, முளையில் சிரிம் அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. விலை மலிவு என்று வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால், கோளாறு வரும்போது முறையிட உள்ளூரில் ஆள் இருக்க மாட்டார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எரிபொருளிலும் கவனம் தேவை. மலேசியாவில் மரத்தூளிலிருந்தும் செம்பனைக் கழிவிலிருந்தும் பெல்லட் தயாரிக்கிறார்கள். அவை ஆலைக் கொதிகலனுக்கும் மின் உற்பத்திக்கும் உரியவை. செம்பனை ஆலையில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் கழிவு எப்படிப் புகைந்து எரியும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. விலை குறைவு என்பதற்காக அதைச் சமையல் அடுப்பில் போடக்கூடாது. சாம்பல் அதிகம் சேரும். அதில் என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது.

பத்தடி இடம் யாரிடம் இருக்கிறது?

வாட்டும் அடுப்பை வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி வைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் பல தீயணைப்புத் துறைகள் சொல்கின்றன. ஜார்ஜ்டவுனில் பல கடைவீடுகளின் மொத்த அகலமே 20 அடியை ஒட்டியதுதான். முன்னால் ஐந்தடி நடைபாதை, பின்னால் ஒடுங்கிய சந்து. நடுவே உள்ள வானவெளி முற்றத்தில் அடுப்பை வைத்தால் நான்கு பக்கமும் பழைய மரம்.

2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பிடித்த நகரம் இது. அந்தப் பெருமைக்குக் காரணமான கடைவீடுகளில் பக்கச் சுவர்தான் செங்கல். மாடித் தளமும் படிக்கட்டும் கூரைச் சட்டமும் மரம். கீழே கடை அல்லது உணவகம், மேலே குடியிருப்பு. கீழே பற்றினால் மேலே இருப்பவருக்கு இறங்க ஒரே படிக்கட்டு. லெபோ பந்தாயில் நூறாண்டைக் கடந்த தீயணைப்பு நிலையம் லிட்டில் இந்தியாவுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறது. பினாங்கில் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களும் பல உண்டு. வண்டி சீக்கிரம் வந்துவிடலாம். ஆனால் மரப்படிக்கட்டு அதுவரை காத்திருக்காது.

தோட்டப்புறத்திலும் இதே கணக்குதான். நிபோங் திபால் பக்கம் கலிடோனியா, பைராம் போன்ற தோட்டப் பெயர்களோடு வளர்ந்தவர்களுக்கு லயத்து வீடு எப்படி இருக்கும் என்று தெரியும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், நடுவே பலகைத் தடுப்பு. ஒரு வீட்டில் பற்றினால் அது லயம் முழுவதற்கும் சொந்தமான தீ. அதனால்தான் பல லயங்களில் குசினியைப் பின்னால் தனியாகத் தள்ளி வைத்திருந்தார்கள். விறகடுப்பு எரியும்போது யாராவது ஒருவர் அங்கே இருந்தார். அடுப்பை அணைத்துத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் படுக்கப் போனார்கள். படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கிற அந்தத் தலைமுறை, ‘எரிபொருளைத் தள்ளி வை, ஆள் இரு, அணைத்துவிட்டுப் போ’ என்ற மூன்று விதிகளையும் யாரும் சொல்லித் தராமலே கடைப்பிடித்தது.

தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தபோது குசினி வீட்டுக்குள் வந்தது. எரிவாயுத் தோம்பும் உள்ளே வந்தது. வாசலிலும் சன்னலிலும் கம்பி வந்தது. இப்போது தானாக எரியும் அடுப்பும் வரப்போகிறது. பழைய விதிகள் மட்டும் நம்மோடு வரவில்லை.

மூன்று ஊர்கள் சொல்லும் பாடம்

சமையல் நெருப்பும் தப்பிக்கும் வழியும் எப்படிச் சம்பந்தப்பட்டவை என்பதற்குத் தமிழருக்குத் தெரிந்த மிகக் கொடிய உதாரணம் கும்பகோணம். 2004 ஜூலை 16ஆம் தேதி, அங்கே ஒரு பள்ளியில் மதிய உணவு சமைத்த அடுப்பிலிருந்து கிளம்பிய தீ, கீற்றுக் கூரையில் தொற்றியது. 94 குழந்தைகள் மாண்டனர். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன; இறங்கும் படிக்கட்டு குறுகலாக இருந்தது. அடுப்பில் புதிதாக எந்தக் கோளாறும் இல்லை. அது வழக்கம்போலவே எரிந்தது. மேலே இருந்த கூரையும் கீழே இறங்கும் வழியும்தான் அந்த உயிர்களைக் காக்கத் தவறின.

மதுரையில் 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி அதிகாலை, ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து கோயில்களைத் தரிசிக்க வந்திருந்த பயணிகள் அதில் இருந்தனர். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த எரிவாயு உருளையில் தேநீர் போட முயன்றதே காரணம் என்று ரயில்வே தரப்பு கூறியது. குறைந்தது 9 பேர் உயிரிழந்தனர். ஒரு வாய்த் தேநீருக்காகப் பற்ற வைத்த சிறு அடுப்பு, ஒடுங்கிய இடத்தில் எவ்வளவு பெரிதாகும் என்பதை அது காட்டியது.

நம் நாட்டில் 2017 செப்டம்பர் 14ஆம் தேதி அதிகாலை, கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் உள்ள ஒரு தாஃபிஸ் சமயப் பள்ளியில் 23 பேர் இறந்தனர். அவர்களில் 21 பேர் மாணவர்கள். அது விபத்து இல்லை. வேண்டுமென்றே வைத்த தீ. தங்கும் அறையின் வாசலில் எரிவாயுத் தோம்புகள் கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்தன. வாசல் அடைபட்டது. சன்னல்களில் கம்பி. நெருப்பு வைத்தவர்களை நீதிமன்றம் விசாரித்தது. சன்னல் கம்பியை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. அதை ஒவ்வொரு குடும்பமும் தானே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

காரணம் மூன்றிலும் வேறு வேறு: விறகு, எரிவாயு, குற்றச்செயல். ஆனால் சாவு வந்த வழி ஒன்று. எரிபொருள் மனிதர்களுக்கு மிக அருகில் இருந்தது. மனிதர்களுக்கு வெளியேற வழி இல்லை அல்லது போதவில்லை. பெல்லட் கிரில்லைப் பற்றிய கேள்வியையும் இந்த இடத்தில்தான் கேட்க வேண்டும். ‘இந்த மாடல் நல்லதா?’ என்பது இரண்டாவது கேள்வி. ‘இது பற்றிக்கொண்டால் அம்மா எந்த வழியாக வெளியே வருவார்?’ என்பது முதல் கேள்வி.

சட்டம் எங்கே நிற்கிறது?

மலேசியாவில் 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டம் இருக்கிறது. தங்கும் விடுதி, மருத்துவமனை போன்று குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்குத் தீப் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயம். தீ அபாயம் உள்ள நிலையை அகற்றும்படி உத்தரவிடத் தீயணைப்பு மீட்புத் துறைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தனிப்பட்ட குடும்பம் வாழும் வீட்டுக்குள் ஆண்டுதோறும் வந்து பார்க்க அதிகாரி கிடையாது. குசினியில் நாம் என்ன வைக்கிறோம், எந்தக் கம்பியைப் பூட்டுகிறோம் என்பது நம் பொறுப்பாகவே விடப்பட்டிருக்கிறது.

வியாபாரத்திலும் ஓர் இடைவெளி தெரிகிறது. 2025 மே 1ஆம் தேதி உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு ‘ஓப்ஸ் காசாக்’ நடவடிக்கையைத் தொடங்கியது. வீட்டுக்கு உரிய மானிய விலை எரிவாயுத் தோம்பை உணவகங்கள் பயன்படுத்துவதைத் தடுப்பது அதன் நோக்கம். 14 கிலோ தோம்பு மானிய விலையில் 26 ரிங்கிட் 60 சென். வணிகத் தோம்புக்கு ஏறக்குறைய 70 ரிங்கிட். அங்காடி வியாபாரிகள் கொதித்துப் போனார்கள். அதன் பிறகு சிறு வியாபாரிகளுக்குத் தளர்வு வந்தது. அந்தக் குரல் நியாயமானது. விலை ஏறினால் ரொட்டி சானாயும் ஏறும்.

ஆனால் அந்த நாள்களில் நாடு முழுவதும் தோம்பைப் பற்றிப் பேசினோமே, பேச்சு முழுவதும் விலையாகத்தான் இருந்தது. அந்தத் தோம்பின் குழாய் வெடித்திருக்கிறதா, தோம்பு நிமிர்ந்து நிற்கிறதா, கடைவீட்டின் படிக்கட்டுக்கு அடியில் எத்தனை தோம்பு அடுக்கியிருக்கிறது என்று அதே வேகத்தில் யாரும் கேட்கவில்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் தவழ்ந்து வடிகாலிலும் பள்ளத்திலும் தேங்கும். மானியத்தைக் காக்கச் சோதனைக்கு வரும் அதிகாரியோடு, குழாயைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் வந்தால் ஒரே பயணத்தில் இரண்டு வேலை முடியும்.

இணையத்தில் விற்கப்படும் அடுப்புகளுக்கும் இது பொருந்தும். மின்சாரப் பொருள் என்ற அளவில் சில விதிகள் உண்டு. ஆனால் விறகும் மின்சாரமும் சேர்ந்து ஆளில்லாமல் எரியும் ஒரு கருவியை, அடுக்குமாடியின் மேல்மாடத்தில் வைக்கலாமா என்று வாங்குபவருக்கு யார் சொல்வது? விற்பவர் பெட்டிக்குள் வைக்கும் கையேடு ஆங்கிலத்திலோ சீனத்திலோ இருக்கும். விற்பனைப் பக்கத்திலேயே ‘வீட்டுக்குள்ளும் மேல்மாடத்திலும் பயன்படுத்தக் கூடாது’ என்று தேசிய மொழியில் பெரிதாகப் போடும்படி விற்பனைத் தளங்களைக் கட்டாயப்படுத்துவது, அரசாங்கத்துக்குப் பெரிய செலவில்லாத காரியம்.

நாம் செய்யக்கூடியவை

அரசாங்கம் செய்ய வேண்டியது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வாரமே வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு.

பெல்லட் கிரில் வாங்கியவர்கள் அதைக் கூரையில்லாத வெளியிடத்தில் மட்டும் வைக்க வேண்டும். சமையலுக்கு முன் குவளைச் சாம்பலையும் கொழுப்புத் தட்டையும் சுத்தம் செய்ய வேண்டும். நடுவில் தீ அணைந்தால் மறுபடி பொத்தானை அழுத்தக் கூடாது. அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, முளையைக் கழற்றி, குவளையைக் காலி செய்த பிறகே மீண்டும் தொடங்க வேண்டும். வெள்ளைப் புகை குமுறினாலோ கொழுப்பு எரிந்தாலோ மூடியைத் திறக்காமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும். எரியும் கொழுப்பில் தண்ணீர் ஊற்றவே கூடாது; அது தீயைத் தெறிக்க வைக்கும். சாம்பலைக் குப்பைப் பையில் கொட்டாமல் மூடியுள்ள இரும்பு வாளியில் போட வேண்டும். மறுநாளும் அதில் கனல் இருக்கலாம். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு அடுப்பை மூட்ட வேண்டாம். இரவு வைத்துவிட்டுத் தூங்குவது, விளம்பரம் எப்படிச் சொன்னாலும், நம் வீட்டு அமைப்புக்கு ஏற்றதில்லை.

கரி அடுப்பு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். மழை வந்துவிட்டது என்று எரிகிற கரியை வீட்டுக்குள் தூக்கி வரக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

வீட்டில் சமைத்து விற்பவர்கள், தீக் காப்புறுதி வைத்திருந்தால் அந்த வியாபாரத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுவது நல்லது. குடியிருப்புக்கு மட்டும் எடுத்த காப்புறுதி, வியாபாரச் சமையலால் வந்த சேதத்துக்குக் கைகொடுக்காமல் போகலாம்.

கோயில் நிர்வாகங்களுக்கும் தண்ணீர்ப் பந்தல் குழுக்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. தைப்பூசத்தின்போது ஜாலான் உத்தாமாவிலும் தண்ணீர்மலை நோக்கிப் போகும் ஜாலான் கெபுன் பூங்காவிலும் வரிசையாகப் பந்தல்கள் எழும். பெரிய பர்னர்கள், தோம்புகள், துணிக்கூரை, அலங்கார விளக்கு, மின்னாக்கி, நடுவே பெருங்கூட்டம். அன்னதானம் செய்யும் மனமும் உழைப்பும் நம்மிடம் ஏராளம். அந்தத் தொண்டர்களில் ஒரே ஒருவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காமல் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் கொடுக்கலாம். அவர் கையில் ஒரு தீயணைப்புக் கருவி, காலடியில் ஒரு ஈரச் சாக்கு, தோம்பின் வால்வு எங்கே இருக்கிறது என்ற அறிவு. இவை போதும்.

கடைசியாக, அந்தப் பழைய கிரில். இன்று இரவு பூட்டும்போது ஒன்றைப் பாருங்கள். சாவி எங்கே தொங்குகிறது? இருட்டில், புகையில், கண்ணைத் திறக்க முடியாத நேரத்தில் பத்து வயதுப் பிள்ளை அதை எடுத்துத் திறக்குமா? முழங்கால் வலியுள்ள பாட்டியின் அறைச் சன்னலில் உள்ள கம்பி உள்ளிருந்து திறக்கக்கூடியதா, நிரந்தரமாக ஒட்டவைத்ததா? ஒட்டவைத்ததாக இருந்தால், வெல்டிங் கடைக்காரரை அழைத்து ஒரு சன்னலையாவது கீலும் தாழ்ப்பாளும் வைத்துத் திறக்கும்படி மாற்றலாம். அதற்கு ஆகும் செலவு, புதிய பெல்லட் கிரில்லின் விலையில் ஒரு சிறு பகுதிதான். சாவியை வாசலுக்கு அருகில், எல்லார் கைக்கும் எட்டும்படி, ஆனால் வெளியிலிருந்து எட்டாதபடி தொங்கவிடுங்கள். 999 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல், வீட்டு முகவரியைச் சரியாகச் சொல்லப் பெரியவர்களுக்கும் பழக்குங்கள்.

புதிய அடுப்பை வாங்குவது அவரவர் விருப்பம். ஆனால் அதைப் பெட்டியிலிருந்து பிரிக்கும் முன், வீட்டில் உள்ள எல்லாரையும் எழுப்பி, விளக்கை அணைத்துவிட்டு, பூட்டைத் திறந்து வெளியே வரச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் எல்லாரும் தெருவில் நிற்கிறார்கள் என்றால், பிறகு இறைச்சி வாட்டலாம்.